கார்ப்பரேட்டர் இல்லாத ஊரை யார் ஆண்டார்கள்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அரசியல் மேல்தட்டு என்று, அதாவது மற்றவர்களை ஆள்கிற சிலர் என்று, ஒரு கூட்டம் எந்தச் சமூகத்திலும் இருந்தே தீருமா, இருந்துதான் ஆக வேண்டுமா? பெங்களூரில் 2020-க்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் கார்ப்பரேட்டரே (மாநகராட்சி வார்டு உறுப்பினர்) கிடையாது, ஊர் நின்றா போய்விட்டது? பேசாமல் குலுக்கல் போட்டு ஆளைப் பிடித்து உட்கார வைத்தால் என்ன? கேள்வியில் கோபம் தெரிகிறது. அதைத் தணிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. பாதி கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இதில் இரண்டு மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. நான் இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் 24 வருஷம் அரசியல் அறிவியல் நடத்தியவன். அதைவிடப் பயனுள்ள தகுதி, எங்கள் லேஅவுட் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு வருஷம் செயலாளராக இருந்தது. இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

தவிர்க்க முடியாதது வேறு, தேவையானது வேறு. அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்குக் கொசு தவிர்க்க முடியாதது. தேவை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: சிலர் ஆள்வது தவிர்க்க முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சிலர் இதே ஆட்களாக, இதே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டுமா? மேடையில் பேசுகிறவர்கள் முதல் கேள்விக்கு 'ஆமாம்' சொல்லிவிட்டு, அந்த 'ஆமாம்' மூன்றாவதுக்கும் சேர்த்துத்தான் என்பதுபோல நழுவிவிடுவார்கள். ஏமாறுவது அங்கேதான்.

முதல் கேள்வி வந்தால் எங்கள் துறையில் உடனே எடுக்கிற பெயர் ராபர்ட் மிக்கெல்ஸ். ஜெர்மன்காரர், சோஷலிஸ்ட். அரசர்களையும் நிலப்பிரபுக்களையும் விட்டுவிட்டு, சமத்துவம் பேசிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியையே மேஜைமேல் வைத்துக் கூறு போட்டுப் பார்த்தார். 1911-ல் அவர் வந்து சேர்ந்த முடிவு, அமைப்பு என்று ஒன்று உண்டானால் அது சிலர் கைக்குள் போய்த்தான் சேரும் என்பது. 'சிறுகுழு ஆட்சியின் இரும்பு விதி' என்று அதற்குப் பெயர். இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் பேர் தினமும் கூட முடியாது. கூடாத நாளில் யாராவது முடிவெடுக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பழகியவருக்கு விஷயமும் தெரியும், ஆட்களும் தெரியும், ஃபைலும் அவர் அலமாரியில். மற்றவர்களுக்கோ வேலை, வீடு, பிள்ளை. யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருக்கும். (இதே மிக்கெல்ஸ் பிற்பாடு இத்தாலிக்குப் போய் முசோலினியின் கட்சியில் சேர்ந்தார். இதையும் சொல்லாமல் நான் பாடத்தை முடித்ததில்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியர் விஷத்தை மருந்தென்று குடித்த கதை.)

மிக்கெல்ஸைப் படிப்பதற்கு முன்பே என் அப்பா எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆம்பூரிலிருந்து வந்து இங்கே ஒரு பொதுத்துறை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 77 நாள் நடந்தது. அந்த 77 நாளும் அப்பா கேட் மீட்டிங் தவறவிட்டதில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. வேலைநிறுத்தம் முடிந்ததும் அதே கேட்டில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. "நாம கை தூக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருந்தாங்கடா" என்றார். அதற்காக அவர் யூனியனை விட்டு விலகவில்லை. அடுத்த தேர்தலில் அதே தலைவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "மேனேஜ்மென்ட் ரூமுக்குள்ள போய் உக்காந்து பேசறதுக்கு வேற யாருக்குடா தெரியும்?" என்றார். இரும்பு விதி முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கிவிடுகிறது.

என் சொந்தக் கதை அதைவிட வெட்கக்கேடு. ஹொரமாவு பக்கம் 64 வீடுகள் உள்ள லேஅவுட் எங்களுடையது. செயலாளர் பதவிக்கு ஆள் கிடைக்காமல், வாத்தியாருக்குத்தான் நேரம் இருக்கும் என்று என் தலையில் கட்டினார்கள். முதல் வருஷம் எல்லாவற்றையும் கூட்டம் போட்டுக் கேட்டேன். இரண்டாம் வருஷம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். மூன்றாம் வருஷம் கேட்பதையே நிறுத்திவிட்டேன். டேங்கர்காரர் நம்பர், லைன்மேன் நம்பர், போர்வெல் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர் எந்த நாள் கடை திறப்பார் என்பது, எல்லாம் என்னிடம்தான். 2024 கோடையில் ஊரெங்கும் போர்வெல் வற்றியபோது, எத்தனை டேங்கர் வாங்குவது, எந்த வரிசைக்கு முதலில் விடுவது என்று 64 வீட்டையும் கேட்டுக்கொண்டிருந்தால் நாக்கு வறண்டிருக்கும். நான், பொருளாளர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர், மூன்று பேரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். தண்ணீர் வந்தது, பாராட்டினார்கள். அடுத்த மாதம் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை பார்க்கிற ஒரு பெண், "அங்கிள், டேங்கர் கணக்கை ஒருதடவை குரூப்ல போட முடியுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு ரூபாய் எடுத்தவனில்லை நான், ஆனாலும் கோபம். அன்று காலைதான் ஆன்லைன் வகுப்பில் மிக்கெல்ஸ் நடத்தியிருந்தேன்.

ஆக, பெரிய அமைப்பு, தொடர்ந்து ஓட வேண்டிய வேலை, உறுப்பினர்களுக்கு நேரமின்மை, மூன்றும் சேர்ந்த இடத்தில் சிலர் கை ஓங்கும் என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இரும்பு என்று மிக்கெல்ஸ் சொன்னது அதிகம். அமெரிக்காவில் அச்சுக்கோப்பாளர்களின் தொழிற்சங்கம் ஒன்று இருந்தது. அதற்குள்ளேயே இரண்டு கட்சிகள், பதவியில் இருப்பவர் தோற்று இறங்குவது அங்கே சகஜம். சமூகவியலாளர் சீமோர் மார்ட்டின் லிப்செட்டும் அவருடைய சகாக்களும் அதை ஆராய்ந்து 1956-ல் எழுதினார்கள். அவர்கள் கண்டுபிடித்த காரணங்கள் வெகு சாதாரணமானவை. அச்சுக்கோப்பாளர்களுக்கு ராத்திரி வேலை. பகலில் ஊரோடு பழக முடியாததால் ஒருவரோடொருவர் பழகினார்கள், கிளப் வைத்துக்கொண்டார்கள், சங்க விவகாரம் எல்லோர் வாயிலும் புரண்டது. தலைவருடைய சம்பளத்துக்கும் உறுப்பினருடைய கூலிக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. தோற்றால் மறுநாள் மிஷினுக்குத் திரும்பிப் போவதில் அவமானம் இல்லை. பதவி போனால் திரும்பிப் போக ஒரு மரியாதையான வேலை இருக்கிறவன்தான் பதவியை லேசாக விடுவான். நம் ஊரில் அரசியலை விட்டால் வேறு பிழைப்பில்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மேல்தட்டே இல்லாத சமூகம் இருந்ததில்லையா என்றால், சிறிய அளவில் இருந்திருக்கிறது. காலஹாரி பாலைவனத்து வேட்டை மக்களிடம், பெரிய மிருகம் அடித்துக்கொண்டு வருகிறவனை எல்லோரும் சேர்ந்து கேலி செய்கிற வழக்கத்தை மானுடவியலாளர் ரிச்சர்டு லீ பதிவு செய்திருக்கிறார். "இந்த எலும்புக்கூட்டைத் தூக்கத்தானா எங்களைக் கூப்பிட்டாய்?" என்கிற பாணியில் பேசுவார்களாம். கறி நிறையக் கொண்டுவந்தவன் தலைவனாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆளுக்கு ஆள் முகம் தெரிந்த சின்னக் கூட்டத்தில்கூடச் சமத்துவம் தானாக நிற்கவில்லை, தினமும் கேலி பேசிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் யாரை யார் கேலி செய்வது?

குலுக்கலுக்கு வருகிறேன். இதைச் சொன்னால் நம்மவர்கள் உடனே உத்திரமேரூர் என்பார்கள். சரி, கல்வெட்டையே பார்ப்போம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாக (வார்டுகளாக) பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவிக்காலம் 360 நாள். கேட்க அருமை. ஆனால் யார் பெயர் குடத்துக்குள் போகலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள், வேதப் பயிற்சி வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். நிலத்தில் இறங்கி உழுதவன் பெயருக்கோ, பெண்ணின் பெயருக்கோ அந்தக் குடத்தில் இடமில்லை. மேல்தட்டுக்குள்ளேயே நடந்த குலுக்கல் அது. இருந்தாலும் அந்தக் கல்வெட்டை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. உள்ளே வரும் வாசல் குறுகல். வெளியே அனுப்பும் வாசலை மட்டும் அகலமாக வைத்திருக்கிறார்கள். மச்சானையும் மருமகனையும் சேர்த்து விலக்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தவர்கள் ஆட்களை நன்றாகத் தெரிந்தவர்கள்தான்.

இன்றைக்கும் குலுக்கல் உதவுகிற இடம் உண்டு. அயர்லாந்தில் 2016-ல் கூடிய குடிமக்கள் மன்றத்தில் 99 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். கருக்கலைப்புத் தடை பற்றி அவர்கள் விவாதித்துத் தந்த பரிந்துரைதான் 2018 பொதுவாக்கெடுப்புக்கு வழி திறந்தது. கட்சிகள் தொடப் பயந்த விஷயத்தைச் சாதாரண ஜனம் தொட்டது. ஆனால் என்னென்ன கேள்வியை அவர்கள் முன்னால் வைப்பது என்று தீர்மானித்தது நாடாளுமன்றம். ஒரு கேள்வியை அலசிச் சொல்லக் குலுக்கல் போதும். தினசரி ஆட்சிக்குப் போதுமா என்பது சந்தேகம்தான். குலுக்கலில் வந்த புது ஆள் முதல் நாளே அதிகாரியின் ஃபைலை நம்பித்தான் உட்கார வேண்டும். அப்படியானால் ஆள்வது யார்?

இனி, தேவையா என்கிற கேள்வி. இதில் ஏரிக்கரைக் கதை ஒன்றைத் தவிர்க்க முடியவில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையை 1991-ல் கொண்டுவந்து வைத்தார்கள், திறக்கவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் காவிரிக் கலவரம். சிலை மூடியபடியே 18 வருஷம் நின்றது. கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். மூடிய துணி வெயிலில் நைந்து போய்க்கொண்டிருந்தது. அதே 18 வருஷமும், சிலைக்கு இரண்டு தெரு தள்ளி, கன்னடக்காரர் ஒருவர் வைத்திருந்த டீக்கடையில் நாங்கள் தமிழர்களும் அவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடித்தோம். எங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் அந்த பெஞ்சில் இருந்த யாராலும் 'எங்கள் தரப்பு சார்பில் சொல்கிறேன், திறந்துகொள்ளுங்கள்' என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. 2009-ல் இரு மாநில முதல்வர்கள், எடியூரப்பாவும் கருணாநிதியும், பேசி முடித்தார்கள். ஆகஸ்ட் 9-ம் தேதி இங்கே வள்ளுவர், 13-ம் தேதி சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர். இரண்டு பேருக்கும் அரசியல் கணக்கு இல்லாமல் இருந்திருக்காது. இருக்கட்டுமே. மற்றவர்களையும் கட்டுப்படுத்துகிற வாக்கு ஒன்றைக் கொடுக்க, அந்த வாக்குக்குப் பொறுப்பேற்க, யாராவது வேண்டியிருக்கிறது. மேல்தட்டு தேவை என்று நான் ஒப்புக்கொள்கிற முதல் இடம் அது. அதே சமயம், ஒரு வாக்கால் கூட்டத்தை அடக்க முடிகிறவரால் அதே கூட்டத்தைக் கிளப்பவும் முடியும். மேலே கை குலுக்கினால் கீழே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் மறுபடி இந்த ஊரில் பஸ்கள் எரிந்தன. அன்று டீக்கடைக்காரர்தான் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கடைக்குள் வைத்து ஷட்டரை இழுத்துவிட்டார். எந்தத் தலைவர் சொல்லியும் இல்லை.

இரண்டாவது இடம்தான் உங்கள் கார்ப்பரேட்டர் கேள்வி. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகராட்சி மன்றத்தின் ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. இங்கே 2015-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் வார்டு எல்லை, இடஒதுக்கீட்டுப் பட்டியல், வழக்கு, புதுச் சட்டம், 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிப்பு என்று இழுத்துக்கொண்டே போனார்கள். மும்பையிலும் இதே கதை. அங்கே 2022 மார்ச்சில் மன்றம் முடிந்து, கமிஷனரே நிர்வாகி ஆனார். ஊர் நிற்கவில்லை, நீங்கள் சொன்னது சரி. குப்பை வண்டி வந்தது. ஆனால் மேல்தட்டு மறைந்ததா? 198 கார்ப்பரேட்டர்கள் போன இடத்தில் 28 எம்.எல்.ஏ.க்களும் நிர்வாகி என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அவருக்குக் கீழே இன்ஜினியர்களும் வந்து உட்கார்ந்தார்கள். 2011 மக்கள்தொகையைக் கொண்டு பார்த்தால், சராசரி 43,000 பேருக்கு ஒருவர் என்று இருந்தது 3 லட்சம் பேருக்கு ஒருவர் என்று ஆனது. ஆள்பவர் எண்ணிக்கை குறைந்தது, ஆட்சி குறையவில்லை.

அல்சூரில் இன்னும் இருக்கிற என் தங்கை வீட்டுத் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வால்வ்மேன் வருவார். தெருவோர மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, எத்தனை சுற்று சுற்றுகிறாரோ அத்தனை தண்ணீர். 2022-ல் ஒரு மாதம் பூராவும் தண்ணீர் பாதிதான் ஏறியது. தங்கை வால்வ்மேனைக் கேட்டாள். மேலிடத்து ஆர்டர் என்றார். இன்ஜினியர் ஆபீஸில், "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க". அங்கே போனால் பி.ஏ. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில் பக்கத்துத் தெரு மாஜி கார்ப்பரேட்டர் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஏற்கனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "நான் இப்ப ஒண்ணுமில்லம்மா, பதவி போயி ரெண்டு வருஷமாச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்ஜினியருக்குப் போன் போட்டார். மறுநாள் தண்ணீர் வந்தது. தங்கைக்குச் சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தியது. பதவி இல்லாதபோதும் செல்வாக்கு இருந்தது, ஆனால் அவரைக் கேள்வி கேட்கிற வழி போய்விட்டது. அந்தப் போனை அவர் போடாமல் இருந்திருந்தால் தங்கை என்ன செய்ய முடியும்? முன்னால் என்றால், 'அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருவீங்கல்ல' என்றாவது சொல்லியிருப்பாள். ஆள்கிற சிலர் எப்படியும் இருப்பார்கள் என்றால், அவர்கள் வீட்டுக் கதவு எண் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், திட்டுவதற்கு ஒரு தேதி குறித்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மேல்தட்டு தேவை என்று நான் சொல்வது இந்த அளவுக்குத்தான். கார்ப்பரேட்டர் இருந்திருந்தால் ரோட்டுக் குழி குறைந்திருக்குமா என்றால், அதற்குச் சான்று கிடையாது. அவர்கள் இருந்த காலத்தில்தான் பெல்லந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்தது.

'இதே ஆட்கள்தானா' என்கிற மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் ஒன்று மும்பையிலிருந்து கிடைக்கிறது. அங்கே பெண்களுக்கென ஒதுக்கும் வார்டுகளைக் குலுக்கலில் எடுப்பார்கள். 1997-ல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2002-ல் ஒதுக்கீடு நீங்கிப் பொதுவாகிவிட்ட வார்டுகளை ரிகில் பவ்னானி என்பவர் ஆராய்ந்து 2009-ல் எழுதினார். ஒதுக்கீடே பெறாத வார்டுகளை விட அங்கே ஒரு பெண் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒருமுறை வாசலைத் திறந்துவிட்டால் பிறகு முழுக்கச் சாத்த முடியவில்லை என்று நான் இதை வாசிக்கிறேன். போர்டில் மனைவி பெயர், நாற்காலியில் கணவர் என்கிற வார்டுகளும் நிறைய. அதை மறைக்க மாட்டேன். எது எத்தனை என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மேலே இருப்பது ஒரே கூட்டமா, ஒன்றோடொன்று போட்டியிடும் பல கூட்டங்களா என்பதும் அப்படித்தான். 1956-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் ஒரே கூட்டம் என்றார். 1961-ல் அரசியல் அறிவியலாளர் ராபர்ட் டால் அமெரிக்காவின் நியூ ஹேவன் என்கிற ஒரே ஒரு ஊரைத் தோண்டிப் பார்த்து, விஷயத்துக்கு விஷயம் ஆள் மாறுகிறது என்றார். பெங்களூரைக் கேட்டால், குப்பை காண்டிராக்ட்டில் மில்ஸ், தெருவிளக்கில் டால் என்பேன். இது என் அனுபவம், ஆராய்ச்சி இல்லை.

எங்கள் லேஅவுட்டில் போன வருஷம் விதியைத் திருத்தினோம். செயலாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் கூடாது, கணக்கு மாதாமாதம் குரூப்பில். திருத்தம் கொண்டுவந்தது அந்த டெஸ்டர் பெண்தான். இப்போது செயலாளரும் அவள்தான். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் நான்கு பேர், அதில் பொருளாளரும் ஒருவர். நான் ஆதரித்துப் போட்டேன், ஆனால் கையைக் கொஞ்சம் தாமதமாகத்தான் தூக்கினேன். பழைய கணக்கை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நேற்றும் மெசேஜ் வந்தது: "அங்கிள், 2024 மார்ச் டேங்கர் பில் ரெண்டு மிஸ்ஸிங்." அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.